கடைசியில் போகிறவர்

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து வந்தது. ஆயுள் காப்புறுதி நிறுவனம் எழுதிய கடிதம். நான் உயிர் இரசாயனம் படித்துவிட்டு, ஆய்வுகூட வேலை கிடைக்காமல், மொன்றியல் ஜோன்-தலோன் தெருவில் உருத்திரமூர்த்தி அண்ணையின் காப்புறுதி அலுவலகத்தில் முகவராகச் சேர்ந்து அப்போது எட்டு மாதம். 2007ஆம் ஆண்டு, டிசம்பர் தொடக்கம். கடிதத்தில் ஒரு தம்பதியைப் பற்றி இரண்டு செய்திகள். கணவருக்கு மறுப்பு. மனைவிக்கு மிகச் சிறந்த ஆரோக்கிய வகுப்பு.

சிரித்துவிட்டேன். பிறகு, இதை அவர்களுக்கு நான்தான் சொல்லவேண்டும் என்பது உறைத்தது.

2

தொடக்கம் ஒன்று: "வில்லரேயில் பனி கொட்டிக்கொண்டிருந்தது." மொன்றியலில் எழுதப்படும் எல்லாக் கதையிலும் பனி கொட்டுகிறது. அன்று வெயில். வெட்டினேன்.

தொடக்கம் இரண்டு: "இரவிச்சந்திரன் இறந்தால், அவருடைய—"

இதற்கு மேல் கை போகவில்லை. அவர் நேற்றுக்கூட அலுவலகத்துக்கு வந்து மீன் ரோல்ஸ் தந்துவிட்டுப் போனார்.

ஆகவே வீட்டிலிருந்து தொடங்குகிறேன். வில்லரேயில் மூன்று மாடி வீடு. கடிதத்தில் வந்த கணவன் மனைவி, இரவிச்சந்திரன் அங்கிளும் கௌரி அன்ரியும், 1991இல் மலிவாக வாங்கியது. கீழே அவர்கள். நடுவில் ஒரு குடும்பம் வாடகைக்கு. மேலே மகன் கீர்த்திகன், மனைவி குழந்தையுடன், அவனும் வாடகை கொடுத்து. அவனுக்கு அந்த வீட்டை விட்டுப் போக விருப்பமில்லை. ஆனால் வாடகை மாடிகளின் விலையேற்றத்துக்கு ஒருநாள் வரி வரும்.* கையில் காசில்லாவிட்டால் வீட்டை விற்றுத்தான் கட்டவேண்டும்.

(* கனடாவில் வாரிசு வரி என்று ஒன்று இல்லை. ஒருவர் இறப்பதற்குச் சற்று முன் தன் சொத்தையெல்லாம் சந்தை விலைக்கு விற்றுவிட்டார் என்று அரசு வைத்துக்கொள்கிறது. வாங்கியவர் இல்லை, பணம் கைமாறவில்லை, ஆனால் இலாபத்துக்கு வரி உண்டு. என்னைவிடத் துணிச்சலாகப் புனைவு எழுதுகிறார்கள். கணவன் மனைவியில் ஒருவர் மற்றவருக்கு விட்டுப்போனால் இந்தக் கற்பனை விற்பனை தள்ளிப்போகும். இரண்டாமவரும் போன பிறகே கணக்கு.)

3

முதல் சந்திப்பு அவர்களுடைய சமையலறையில், ஒக்டோபரில்.

"அப்ப வீட்டை இப்பவே மகனுக்குப் பரிசா எழுதிக் குடுத்தா?" என்றார் அங்கிள்.

"பரிசும் விற்ற மாதிரித்தான் அங்கிள். இப்பவே வரி வரும்."

"என்ரை பிள்ளைக்கு நான் குடுக்கிறதுக்கு இவங்களுக்கென்ன?"

"காசாப் பரிசு குடுத்தா வரி இல்லை."

"காசு இருந்தா நான் ஏன் பிள்ளை உம்மோடை கதைக்கிறன்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்தது. துணிந்து அடுத்த வசனத்துக்குப் போனேன். பாடமாக்கி வைத்திருந்த வசனம்: இருவரையும் சேர்த்து ஒரே காப்புறுதி, இருவரும் இறந்த பிறகு பணம் வரும், வரியும் அப்போதுதான் வரும். வாயில் வந்தது வேறு.

"அதாவது... நீங்கள் ரெண்டு பேரும்... பிறகு... பேந்து..."

"பேந்து எண்டா?" என்றார் அன்ரி.

"பேந்து... இல்லாமல்..."

"சாகிறதோ? அதை வாயைத் திறந்து சொல்லுமன். நாங்கள் என்ன, கேட்டவுடனை சாகப்போறமோ?"

மாதக் கட்டணத்தைத் தான் கட்டுவதாகக் கீர்த்திகன் சொன்னான். "அம்மாவுக்கு என்ரை பரிசெண்டு வையுங்கோ."

"பிறந்தநாளுக்கு ஒரு சீலை வாங்கித் தந்தாலே காணும்," என்றார் அன்ரி. ஆனால் விண்ணப்பத்தில் ஒப்பம் வைத்தார்.

4

[இந்தப் பகுதியைக் கற்பனை என்று நினைப்பீர்கள். பெயர்களைத்தான் மாற்றினேன்.]

இரத்தம் எடுக்க வந்த நேர்ஸ் ஒரு பிரெஞ்சுக்காரப் பெண். காலையில் எதுவும் சாப்பிடாமல் இருக்கவேண்டும் என்று சொல்லி வைத்திருந்தோம். அன்ரி அந்தக் காலை மட்டுமல்ல, ஒன்பது நாளாக ஒரு வேளைதான் சாப்பிட்டிருந்தார். கேதார கௌரி விரதம். கணவருடைய ஆயுளுக்காக மனைவி பிடிக்கும் விரதம், இருபத்தொரு நாள். ஒக்டோபரில் தொடங்கி தீபாவளியோடு முடியும்.

"பர்ஃபே, மடாம்!" என்று மெச்சினாள் நேர்ஸ்.

அங்கிளின் வாயோரத்தில் தோசைத் துணுக்கு இருந்தது. "அரைத் தோசைதான்," என்றார்.

அந்தத் தோசை அவரைக் கெடுக்கவில்லை. பதின்மூன்று வருட நீரிழிவு போதுமானதாக இருந்தது. அவருடைய ஆயுளுக்காக அவர் பட்டினி கிடந்தார், நல்ல வகுப்பு அவருக்கே கிடைத்தது.

(மேல் வசனத்தில் எந்த 'அவர்' யார் என்று குழப்பம் வரும். வாழ்க்கையிலும் அப்படித்தான் வந்தது. ஆனாலும் திருத்துகிறேன்: அங்கிளின் ஆயுளுக்காக அன்ரி பட்டினி கிடந்தார். நல்ல வகுப்பு அன்ரிக்குக் கிடைத்தது.)

5

கடிதத்தோடு அதே சமையலறைக்குப் போனேன். கணவருக்கு மறுப்பு என்றாலும் சேர்ந்த காப்புறுதியைத் தர நிறுவனம் தயார். கடைசியில் போகிறவர் அன்ரி என்று எடுத்துக்கொண்டு கட்டணம் போட்டிருந்தார்கள். முப்பது நாளுக்குள் ஒப்பம் வைக்கவேண்டும். இதை எப்படியோ சொல்லி முடித்தேன்.

அன்ரி கடிதத்தைத் தள்ளி வைத்தார்.

"என்னைக் கடைசியாப் போகச் சொல்லுறாங்களோ?"

"சொல்லேல்லை அன்ரி. கணக்குத்தான்—"

"முப்பத்திரண்டு வருசமா விரதம் பிடிச்சு நான் அம்மனிட்டைக் கேட்டது ஒண்டே ஒண்டு. இந்தாள் இருக்கேக்கையே நான் போயிடவேணும். பூவும் பொட்டுமா. இப்ப அதுக்கு மாறா என்னை ஒப்பம் வைக்கச் சொல்லுறீர்."

"அம்மா, அது வெறும் பேப்பர்," என்றான் கீர்த்திகன்.

"என்ரை கலியாணத்தையும் பேப்பரிலைதான் எழுதினவை."

[இங்கே இறப்பு விகித அட்டவணை பற்றி ஒரு பந்தி இருந்தது. ஒரு கையெழுத்து யாருடைய ஆயுளையும் கூட்டாது, குறைக்காது என்று நிறுவியிருந்தேன். திருத்தமான பந்தி. அன்று அதை ஒருவரும் கேட்கவில்லை.]

6

முடிவு அ: மகனுக்காக அன்ரி ஒப்பம் வைக்கிறார். தாய்மார் கதையில் இப்படித்தான் செய்வார்கள். கௌரி அன்ரி செய்வாரா என்று சந்தேகம்.

முடிவு ஆ: வைக்கவில்லை. காலம் போய், கீர்த்திகன் வீட்டை விற்கிறான். இதை எழுத இருவரையும் நான் கொல்லவேண்டும். ரோல்ஸ் சாப்பிட்ட கையால் முடியாது.

முடிவு இ: அங்கிள் தினமும் நடந்து, சீனியைக் குறைத்து, தானும் நல்ல வகுப்புக்கு—

நான் விஞ்ஞானம் படித்தவள். இதை எழுத மாட்டேன்.

நடந்தது இது. அங்கிள் மேசையைப் பார்த்தபடி கேட்டார்:

"கௌரி, நீர் முதல் போனா எனக்கு ஆர் ஊசி போடுறது?"

கீர்த்திகன் சிரித்தான். அங்கிள் சிரிக்கவில்லை.

"பகிடி இல்லை. ஒவ்வொரு வருசமும் நீர் அம்மனிட்டை அதைக் கேக்கேக்கை, பக்கத்திலை நிண்டு நான் வேண்டாம், வேண்டாமெண்டு கும்பிடுறனான்."

"என்ன?"

"ஓம்."

"எத்தினை வருசமா?"

"முப்பத்திரண்டு."

"விசர் மனுசன்!" அன்ரியின் குரல் உடைந்தது, பிறகு ஏறியது. "நான் பட்டினி கிடந்து கேக்கிறன், நீங்கள் தோசை திண்டுபோட்டு வந்து அதைக் குழப்புறியளோ?"

"எனக்குத் தனிய இருக்கப் பயம்," என்றார் அங்கிள்.

அன்ரி அவரை நன்றாகப் பார்த்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார்.

"பேனையைத் தாரும் பிள்ளை."

7

பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். பெயர்களை மாற்றலாம், தெருவை மாற்றலாம். ஒப்பத்தை மாற்ற முடியாது. வாடிக்கையாளரின் ஒப்பத்தைப் பற்றி வெளியில் கதைப்பதில்லை என்று லைசென்ஸ் எடுக்கும்போது எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆகவே முடிவு உங்களுடையது.

ஆனால் அவசரப்படாதீர்கள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத்தான் எதுவும் செய்வேன் என்கிறார் அன்ரி. காப்புறுதிப் பத்திரம் பதினான்கு பக்கம். அங்கிள் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருக்கிறார். இருவரும் இப்போது மூன்றாம் பக்கத்தில் இருக்கிறார்கள்.