மெஷினிலிருந்து எடுத்த ஆட்டம்

1984-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரம், சுங்கை லாலாங்கில் அழகேசன் பட்டறையின் சின்ன மில்லிங் மெஷினிலிருந்து எடுக்கப்பட்ட ஆட்டம், போக வேறு இடம் இல்லாமல் ஊருக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து அங்கே முன்னால் போவதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை, திரும்புவதில்தான் சிரமம். கடைத்தெருவில் போகிறவர் எதையோ மறந்து திரும்பினால் கால்கள் நடக்கும், ஆள் நகரமாட்டார். நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நடந்த பிறகுதான் உடம்பு வரத் தொடங்கும். அதே வாரம் கெம்போங் மீன் விலையும் ஏறியிருந்ததால் ஊரார் முதலில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

ஆட்டம் என்று பட்டறைக்காரர்கள் சொல்வது தேய்ந்த திருகில் விழும் இடைவெளியை. கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றினால் மேசை ஒழுங்காக நகரும். எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகு மட்டும் சும்மா சுற்றும், மேசை அசையாது. அந்த வெற்றுச் சுற்று முடிந்தால்தான் மேசை கிளம்பும். அழகேசனின் மெஷினில் அது நிறையவே இருந்தது. பிறை என்ற ஊரில் மூடிய ஒரு தொழிற்சாலையிலிருந்து பழைய இரும்போடு இரும்பாக வந்த மெஷின் அது. மேசைமேல் வைக்கிற அளவுதான், ஆனால் அதை ஓட்டிய கன்ட்ரோல் பெட்டி அலமாரி உயரம். ஓட்டை போட்ட காகித நாடாவைப் படித்துத் தானாக வெட்டுமாம். நாடா மட்கிவிட்டது, பெட்டிக்குள் எலி குட்டி போட்டிருந்தது. அதற்கு உயிர் கொடுக்கத் தெரிந்த ஆள் அந்த வட்டாரத்தில் ஒருவன்தான் இருந்தான். அவன் அழகேசனின் மனைவி மரியாவுடைய தம்பி டெஸ்மண்ட். அவனும் அழகேசனும் எட்டு வருடமாகப் பகை.

பகைக்குக் காரணம் ஒரு மைக்ரோமீட்டர். 1976-இல் டெஸ்மண்ட் அந்தப் பட்டறையில்தான் வேலை பார்த்தான். நூலளவு அளக்கும் அந்தக் கருவி ஒரு நாள் காணாமல் போனது. அழகேசன் பட்டறை வாசலில் நின்று, லாரிக்கார அம்மாசியும் இன்னும் பல பேரும் பார்க்க, அவனைத் திருடன் என்றார். டெஸ்மண்டும் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஞாயிறு மாதா கோயில் வளாகத்தில், பூசை முடிந்து ஜனம் வெளியே வரும் நேரம் பார்த்து, எடுத்தவர்தான் கத்துகிறார், தன் பொருளைத் தானே ஒளித்துவிட்டு அக்காள் தம்பியைப் பிரிக்கப் பார்க்கிறார் என்று உரக்கச் சொல்லிவிட்டுப் பினாங்கு பஸ் ஏறினான். அங்கே எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்து, மெஷின்களுக்கு மூளை வைக்கும் வேலையைக் கற்றுக்கொண்டான். மூன்று வருடம் கழித்துக் கடைசல் மெஷினை நகர்த்தியபோது, எண்ணெய்த் தட்டுக்குப் பின்னால் மைக்ரோமீட்டர் கிடந்தது. அழகேசன் அதைத் துடைத்து இழுப்பறையில் வைத்தார், மறுநாளிலிருந்து அதைக் கொண்டே அளந்தார். வாயைத் திறக்கவில்லை. மரியா பார்த்துவிட்டாள், அந்தக் கிறிஸ்மஸுக்கே தம்பியிடம் சொல்லியும்விட்டாள்.

ஆகவே மெஷினுக்காக ஆள் அனுப்பியபோது டெஸ்மண்ட் உடனே வந்தான். மச்சான் என்று கூப்பிடுவதை எப்போதோ விட்டிருந்தான், வெளியாள் முதலாளியைக் கூப்பிடுவது போலத் தவுக்கே என்றுதான் சொன்னான்.

"கூலி வேணாம் தவுக்கே. டெஸ்மண்ட் எடுக்கலன்னு, அன்னிக்கி நின்ன அதே வாசல்ல நின்னு சொல்லுங்க. அது போதும்."

"மொதல்ல மெஷின வட்டம் வெட்ட வையிலா," என்றார் அழகேசன். "அதோட ஆட்டத்த நீ எடு. ஒன் ஆட்டத்த நான் எடுக்கிறேன்."

பெண்டாங் நெல் ஆலைக்காரர்கள் வட்டத் தகடுகள் கேட்டிருந்தார்கள், வட்டம் சுத்தமாக இருந்தால் வருடம் முழுக்க வேலை. டெஸ்மண்ட் அலமாரிப் பெட்டியைக் கழற்றி எறிந்தான். மூன்று பக்கமும் புது மோட்டார் வைத்தான், மேசை எல்லை தாண்டாமலிருக்க முனைகளில் சுவிட்சு வைத்தான், ஒரு சிறு கம்ப்யூட்டர் பலகையைப் பழைய டிவியோடு இணைத்து எண்களைத் தட்டினான். மெஷின் ஓடியது. ஆனால் வட்டம் நொண்டியது. மேசை திசை மாறும் நான்கு இடங்களிலும் ஒரு படி விழுந்தது. அழகேசன் ஒவ்வொரு தகட்டையும் விரலால் தடவிப் பார்த்து, பினாங்குக் கம்பெனிக்காரர் வெட்டிய வட்டத்தில் மாடு கட்டலாம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். டெஸ்மண்ட் திருகுகளில் இரட்டை நட்டு போட்டு, ஒன்றுக்கொன்று எதிராக இறுக்கினான். கடைசி இறுக்கில், டயரில் காற்று பிடுங்குவது போல ஒரு சத்தம் வந்தது. மேசைக்கடியிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி, இரும்புத் தூளைத் தள்ளிக்கொண்டு வாசல் வழியே வெளியே போனது. அடுத்து வெட்டிய வட்டத்தில் நகம்கூட தடுக்கவில்லை.

முதலில் மாட்டியது அம்மாசி. லாரியை ரிவர்ஸ் எடுத்தார், சக்கரம் சுற்றியது, லாரி நின்றது. கியர்பாக்ஸ் போய்விட்டது என்று அவர் ஏசிக்கொண்டிருந்தபோதே எதிரில் பிச்சையம்மாள், தேங்காயை மறந்து கோயில் பாதியில் திரும்பியவள், தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற இடத்தில் நடந்துகொண்டிருந்தாள். ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டுகிறவர்கள் மர நிரையின் முனையில் திரும்ப முடியாமல் தவித்தார்கள். கணக்குப் பார்க்கும் கிராணி அவர்கள்மேல் கத்திப் பார்த்துவிட்டு, நிரைகளைச் சுற்றுவட்டமாக மாற்றிக் கொடுத்தார், யாரும் திரும்ப வேண்டியதில்லை. சொன்ன சொல்லைத் திருப்பி எடுப்பதற்கும் இதே கதிதான். பாசாரில் மீன்காரர் விலையைக் குறைக்க வாயைத் திறந்தால், முதலில் உதடு மட்டும் அசையும். பாவசங்கீர்த்தனத்துக்கு நேரம் இழுத்ததால் ஃபாதர் கோயிலுக்கு இன்னொரு பெஞ்சு வாங்கினார்.

வட்டம் வந்துவிட்டது, அழகேசன் வார்த்தை தவறுகிறவர் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே பட்டறை வாசலில், அம்மாசியும் மற்றவர்களும் பார்க்க, பட்டறைச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. எட்டு வருடப் பழைய சொல், ஆட்டமும் அதற்குத் தகுந்த நீளம். டெஸ்மண்ட் எதிரில் எண்ணெய் டிரம்மில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவர் சும்மா நடிக்கிறார் என்று அவனுக்குத் தோன்றியது.

"என்ன தவுக்கே, மாடு மாதிரி அசை போடுறீங்க?"

"போடா பொறம்போக்கு," என்றார் அழகேசன், கணீரென்று.

ஏசுவது முன்னால் போகிற பேச்சு, அதற்கு ஆட்டம் கிடையாது. ஆனால் ஒருமுறை முன்னால் போய்விட்டால், அதுவரை சுற்றிய வெற்றுச் சுற்றெல்லாம் வீண், திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மெஷினும் அப்படித்தான் என்று டெஸ்மண்டுக்கு மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவனால் நாக்கை அடக்க முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து டிரம்மில் உட்காருவான். அழகேசன் எதிரில் நின்று வாயசைப்பார். நல்ல தூரம் போயிருக்கும், தாடை இறுகி முதல் எழுத்து தொண்டைக்கு வந்திருக்கும். அப்போது இவன் ஏதாவது குத்துவான், அல்லது இருமுவான், அந்த இருமலே அவருக்குக் குத்தலாகப் படும், அவர் ஏசுவார், எல்லாம் சைபருக்குப் போகும். ஒரு வருடம் டெஸ்மண்டின் மூக்கைச் சொன்னார், ஒரு வருடம் அவனுக்குப் பெண் கொடுக்காதவர்களின் புத்திசாலித்தனத்தைச் சொன்னார். டெஸ்மண்ட் அவருடைய வழுக்கையையும் நெல் ஆலைக்காரர்களிடம் அவர் குழைவதையும் விடவில்லை. வாசலில் கூடியவர்கள் குறைந்தார்கள். அம்மாசி மட்டும் வந்தார், லாரியைத் திருப்ப நேரம் எடுப்பதால் எப்படியும் அங்கே நிற்க வேண்டியிருந்தது.

மரியாவுக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, அந்த நட்ட லூஸ் பண்ணுடா," என்றாள். "ஆட்டம் மெஷினுக்கே போகட்டும். அவரு ஒடனே சொல்லிருவாரு."

"லூஸ் பண்ணா வட்டம் நொண்டும் அக்கா. வட்டம் நொண்டுனா, நீ ஒன்னும் செய்யலடான்னுதான் சொல்வாரு."

அழகேசனிடம் கேட்டதற்கு, பெண்டாங் வேலை போய்விடும், நட்டில் எவன் கை வைத்தாலும் கையை வெட்டுவேன் என்றார். இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். மரியா இரண்டு பேருக்கும் காப்பி வைப்பதை நிறுத்தினாள். மெஷின் உள்ளே வட்டம் வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தது, ஒன்றிலும் நொண்டல் இல்லை.

1988-இல் டெஸ்மண்டுக்கு அலுத்துவிட்டது. சிங்கப்பூரில் ஒரு வேலை தேடிக்கொண்டான். போவதற்கு முன் இருந்த ஞாயிறுகளில் பழக்கதோஷத்தால் வந்து உட்கார்ந்தான், ஆனால் ஒன்றும் பேசவில்லை. ஏச வேண்டுமென்றால்கூட அந்த மனிதர்மேல் ஒரு அக்கறை வேண்டும், தனக்கு அது இல்லை என்று நினைத்துக்கொண்டான். குத்தல் வராததால் அழகேசனுக்கும் ஏச இடம் கிடைக்கவில்லை. கோபம் முகத்தில் ஏற ஏற வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். வாரத்துக்கு வாரம், சாப்பிடும்போதும் தூக்கத்திலும்கூட அசைத்ததாக மரியா சொன்னாள்.

கடைசி ஞாயிறு டெஸ்மண்ட் பையோடு வந்தான். கொஞ்ச நேரம் உட்கார்ந்தான். ரோட்டில் சிங்கப்பூர் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. எழுந்து பையைத் தோளில் மாட்டி, பட்டறைக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். கால்கள் நடந்தன. வந்த வழியே போக வேண்டியிருந்ததால் ஆள் நகரவில்லை. வாசற்படியில் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது, துருப்பிடித்த குரல், ஆனால் தெருமுனைவரை கேட்டது.

"டெஸ்மண்ட் எடுக்கல. அவன் திருடன் இல்ல."

லாரிக்குள்ளிருந்த அம்மாசி என்ஜினை அணைத்தார். டெஸ்மண்டின் கால்கள் நின்றன. பன்னிரண்டு வருடமாக இந்தச் சொல்லுக்குத்தான் அவன் உயிரை வைத்திருந்தான். வந்த பிறகு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அழகேசன் அவனையே பார்த்துக்கொண்டு, இன்னும் எதற்கோ காத்திருப்பவர் போல நின்றார். மாதா கோயில் வளாகத்தில் தான் உரக்கச் சொன்னது அப்போதுதான் டெஸ்மண்டுக்கு ஞாபகம் வந்தது. அவன் மெதுவாகத் திரும்பி, அதற்கும் கொஞ்சம் நேரம் பிடித்தது, அவருக்கு நேராக நின்று வாயைத் திறந்தான். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

அழகேசன் எண்ணெய் டிரம்மை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். நான்கு வருடத்தில் அவர் முகம் அவ்வளவு குளிர்ந்து யாரும் பார்த்ததில்லை.

"சொல்லு, சொல்லு," என்றார். "எனக்கு ஒன்னும் அவசரம் இல்லலா."

மரியா வந்து தம்பியின் தோளிலிருந்து பையை எடுத்து உள்ளே வைத்தாள், உலையில் கூட ஒரு கை அரிசி போட்டாள். பஸ்காரர் ஆள் ஏறவில்லை என்று சந்திவரை போனபின் திரும்பி வந்து பார்க்க நினைத்தார், ஆனால் அந்த ஊரில் பஸ்ஸைத் திருப்புவது லேசான காரியம் இல்லை, அதனால் அப்படியே தெற்கே போய்விட்டார்.