திட்டு இல்லாத பாடம்

தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், திரையில் தெரிந்த படத்தைப் பேனாவால் தட்டிக் காட்டினார். கையில் காய்ப்புக் காய்க்கிறதே, அதுபோலத்தான் குரல் நாணில் காய்த்திருக்கிறது என்று ஹிந்தியில் சொன்னார். ஆறு வாரம் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது கத்துவதைவிடக் கெடுதல். மீறினால் அறுவை சிகிச்சைதான், அதற்குப் பிறகு இதே குரல் திரும்பி வரும் என்று உத்தரவாதம் கிடையாது.

இருதயம்மாளுக்குக் காய்ப்பு புதிதல்ல. திண்டுக்கல் பக்கம் கல் குவாரியில் அம்மாவும் அப்பாவும் கல் உடைக்க, சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள். அங்கே சாதாரணமாகப் பேசினால் யார் காதிலும் விழாது. அந்தத் தொண்டையோடு டெல்லிக்கு வந்து, ஒரு தமிழ்ப் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேலாகச் சமூக அறிவியல் நடத்துகிறாள். பள்ளிக்கு நேர் மேலே விமானங்கள் இறங்கும் பாதை. மற்ற ஆசிரியர்கள் விமானம் போகும்வரை பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். அவள் நிறுத்தியதில்லை. விமானத்துக்கு மேல் கத்தினாள். அதற்கான கூலி இப்போது வந்து சேர்ந்திருக்கிறது.

"லீவு போட்டுருங்கம்மா" என்றார் பிரின்சிபால் ராஜசேகரன். "ஒன்பதாம் வகுப்பை பி.டி. சார் பாத்துப்பார்."

பி.டி. சார் பார்ப்பதென்றால் பிள்ளைகளை மைதானத்தில் அவிழ்த்துவிட்டு அவர் போன் பார்ப்பது. ஒருமுறை கைவிட்ட வகுப்பு வருஷக் கடைசிவரை திரும்பக் கிடைக்காது என்பதும் இருதயம்மாளுக்குத் தெரியும். போனில் தட்டி நீட்டினாள்: 'வகுப்புக்கு வருவேன். பேச மாட்டேன்.'

"பேசாம எப்படிம்மா பாடம் எடுப்பீங்க? ஊமைப்படம் ஓட்டப் போறீங்களா?"

அவள் நகரவில்லை. ராஜசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, யூனிட் டெஸ்ட் வரைக்கும் பாக்கலாம். பசங்க கவுந்துட்டாங்கன்னா மறுநாளே லீவு. அப்பறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

கம்ப்யூட்டர் ஆசிரியர் ரெஜின் கன்னியாகுமரிக்காரன், சின்ன வயசு. ஆபீஸ் பீரோவில் பத்து டேப்லெட்டுகள் சும்மா கிடப்பதை அவன்தான் நினைவுபடுத்தினான். யாரோ நன்கொடையாகக் கொடுத்தவை. உடைந்துவிடும் என்று பயந்து வகுப்புக்கு எடுத்ததே கிடையாது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து ஸ்பீக்கர் ஓட்டையை அடைத்திருந்தது. ரெஜின் ஒரு குண்டூசியால் நோண்டிச் சுத்தம் செய்தான்.

"டீச்சர், நீங்க டைப் பண்ணினா போதும், இதுவே வாசிச்சிரும். பாருங்க."

முதல் நாள் அதைத்தான் செய்தாள். காலநிலைப் பாடத்தை ராத்திரி உட்கார்ந்து தட்டி, காலையில் மேஜைமேல் வைத்து ஓடவிட்டாள். இயந்திரப் பெண்குரல் மூச்சு விடாமல் வாசித்தது. இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்த வகுப்பில், கடைசி பெஞ்சு அன்பு எழுந்தான்.

"மிஸ், மெட்ரோ அக்கா பாடம் நடத்துறாங்க! அடுத்த ஸ்டேஷன், தென்மேற்குப் பருவக்காற்று. கதவுகள் இடது பக்கம் திறக்கும்!"

வகுப்பு உருண்டு சிரித்தது. இருதயம்மாள் வாயைத் திறந்து, டாக்டர் நினைவு வந்து, மூடிக்கொண்டாள். திட்ட முடியாத வாய் இவ்வளவு கனக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் கரும்பலகையில் எழுதினாள்: 'நாலு பேருக்கு ஒரு டேப்லெட். குழுவுக்கு ஒரு பகுதி. நீங்களே படித்து, மற்றவர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லி, ஐந்து நிமிஷம் பதிவு செய்யுங்கள்.'

"பாட்காஸ்ட்டுன்னு போடுங்க டீச்சர்" என்று ரெஜின் வாசலில் இருந்து சொன்னான். "அப்பதான் பிள்ளையெல்லாம் இறங்கி வேல செய்யும்."

போட்டாள். இறங்கினார்கள். மாடிப்படிக்கு அடியில் ஒரு குழு, சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு குழு. விமானம் வந்தால் நிறுத்து, போனால் பேசு. இதைச் செய்யச் செய்ய ஒரு பீரியட் முடிந்தே போனது.

சாயங்காலம் வீட்டில் காபியோடு உட்கார்ந்து இயர்போனைச் செருகினாள். முதலில் வகுப்பின் முதல் மாணவி கவிப்ரியாவின் குரல். வடகிழக்குப் பருவக்காற்றைப் பற்றி ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள். நாலாவது வாக்கியத்தில் திடீரென்று இருதயம்மாள் மாதிரியே உறுமினாள்.

"ஏய் அன்பு! ஜன்னல்ல என்ன சினிமாவா ஓடுது? நாளைக்கு உங்கப்பா வந்தாத்தான் உள்ள விடுவேன். ம்... எங்க விட்டேன்? வங்காள விரிகுடா..."

நக்கல் செய்கிறாள் என்று இருதயம்மாளுக்குக் கோபம் ஏறியது. அடுத்த பதிவைப் போட்டாள். அதிலும் திட்டு. மூன்றாவது, வாய் திறந்து பேசவே கூச்சப்படும் ஒரு பெண் செய்தது. அவள் நக்கல் செய்கிற ரகமே இல்லை. அவளும் பாலைவனக் காலநிலையின் நடுவில் மெல்லிய குரலில், "புத்தகத்தை வித்துச் சுண்டல் வாங்கித் தின்னுட்டீங்களா?" என்று பணிவாகக் கேட்டுவிட்டுத் தொடர்ந்தாள். யாரும் கேலி செய்யவில்லை. பாடம் என்றால் திட்டும் சேர்ந்துதான் வரும் என்று பிள்ளைகள் நம்பியிருக்கிறார்கள். இருதயம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தமில்லாமல் சிரித்ததில் தொண்டை வலித்தது. காபி ஆறிப் போனது.

காலையில் பலகையில் எழுதினாள்: 'நன்று. திட்டு வேண்டாம். பாடம் மட்டும்.'

கவிப்ரியா கை தூக்கினாள். "மிஸ், திட்ட எடுத்துட்டா ஒண்ணரை நிமிஷம்தான் வருது."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நடுவில் விழுங்கினார்கள். வகுப்பே டீச்சர் முகத்தைப் பார்த்தது. போன மாதமாக இருந்தால் சாக்பீஸ் பறந்திருக்கும். கவிப்ரியா சொன்னது கணக்கில் சரி. இருதயம்மாள் திரும்பி, கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: 'மீதியை நீங்கள் நிரப்புங்கள்.'

எப்படி நிரப்புவது என்று அவளுக்கே தெரியாது. அன்பு நிரப்பினான்.

அவன் குழுவுக்கு வந்த பகுதி 'லூ', மே மாதம் டெல்லியை வறுக்கிற வெயில் காற்று. அன்புவின் அப்பா காத்தவராயன், சரோஜினி நகரில் பழைய குவார்ட்டர்ஸை இடித்துவிட்டுக் கட்டுகிற அடுக்குமாடியில் கம்பி கட்டுகிறார். அவர் வேலை முடிந்து வந்ததும், அவர் போனிலேயே அவரைப் பதிவு செய்து அனுப்பியிருந்தான்.

"அப்பா, லூன்னா என்னன்னு சொல்லு."

"இன்னாத்துக்குடா போன மூஞ்சிக்கு நேரா நீட்டற?"

"ஸ்கூல் வேலைப்பா. ஜல்தி சொல்லு."

"லூன்னா லூதான். கம்பி மேல கை வெச்சா தோலு உரிஞ்சிக்கும். துணிய நனச்சி சுத்திப்போம். அதுவும் செத்த நேரத்துல காஞ்சி அப்பளமாப் பூடும். நான் சொன்னா உனுக்கு மார்க் போடுவாங்களா?"

"மிஸ் போடுவாங்க."

"அப்ப நீ எனுக்கு ஒண்ணு சொல்லு. மே மாசத்துல வந்து உயிர எடுக்குதே, அது எங்கேந்துடா வருது? மழ வந்தா எங்க பூடுது?"

குக்கர் ஒரு விசில் அடித்தது.

"தெரியலப்பா."

"நல்லாப் படிச்ச போ. நீ படிக்கிறன்னு சைட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கேன்."

பதிவு அங்கே நின்றது. மறுநாள் இன்னொன்று வந்தது. அதில் அன்பு மட்டும்தான். மேற்கே இருந்து வரும் வறண்ட காற்று ராஜஸ்தான் பாலைவனத்தின் சுடுமண்மேல் ஓடிச் சூடேறி வருவதையும், பருவமழை வந்ததும் அது அடங்கிப் போவதையும் அப்பாவுக்குச் சொல்கிறமாதிரியே சொன்னான். "அது நேரா உன் கம்பிக்குத்தான் வருதுப்பா" என்று முடித்தான். வகுப்பில் போட்டபோது மூன்று தடவை கேட்டார்கள். பிறகு ஒவ்வொரு குழுவும் யாரையாவது தேடிப் போனது. பதிவுகளில் பஸ் கண்டக்டர் வந்தார், மலை மந்திர் முருகன் கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா வந்தார். இருதயம்மாள் எல்லாவற்றையும் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினாள். அதற்குப் பதில் தேடப் புத்தகத்தைத் திறந்துதான் ஆக வேண்டும்.

யூனிட் டெஸ்டில் மார்க் ஒன்றும் கொட்டிவிடவில்லை. கவிப்ரியாவுக்குக்கூட இரண்டு குறைந்திருந்தது. ஆனால் வழக்கமாகக் கேள்வியையே திருப்பி எழுதி வைக்கிற கடைசி இரண்டு பெஞ்சும் பதில் எழுதியிருந்தன. எழுத்துகள் காலும் கொம்பும் இல்லாமல் நொண்டின. விஷயம் சரியாக இருந்தது.

ராஜசேகரன் அன்புவின் தாளை இரண்டு முறை புரட்டினார். "காப்பி அடிச்சானாம்மா?"

இருதயம்மாள் தலையாட்டி மறுத்து, இயர்போனை அவர் கையில் கொடுத்தாள். அவர் முழுதும் கேட்டார். குக்கர் விசிலுக்குப் பக்கத்தில் எங்கேயோ அவர் உதடு விரிந்தது.

"சரி, ஓட்டுங்க."

ஆறு வாரம் முடிந்து டாக்டர் மறுபடி பார்த்தார். காய்ப்பு பாதிக்குமேல் வடிந்திருந்தது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம், மெதுவாகப் பேசலாம். கத்துவது இந்த ஜென்மத்துக்கு முடிந்தது.

முதல் வார்த்தை என்ன சொல்வது என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள். வகுப்பில் பிள்ளைகள் அங்கங்கே கூடி உட்கார்ந்து வேலையில் இருந்தார்கள். மூலையில் அன்புவின் குழு முதுகு காட்டியபடி டேப்லெட்டைச் சுற்றிக் குந்தியிருந்தது.

"பிள்ளைங்களா" என்றாள் இருதயம்மாள். குரல் புதிதாக, தணிவாக இருந்தது. அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"சுப்!" என்று ஹிந்தியில் அதட்டினான் அன்பு, திரும்பாமலே. "ரெக்கார்டிங் ஓடுதுல்ல."

கவிப்ரியா ஓடிவந்து அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "அரே, மிஸ்ஸுடா!"

அன்பு திரும்பி, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

இருதயம்மாள் உட்காரச் சொல்லிக் கையமர்த்தினாள். மேஜைக்குப் போகாமல் கடைசி பெஞ்சில் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். அரை மணி நேரத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் செலவாகியிருந்தது. அவசரம் ஒன்றும் இல்லை.

அன்பு மறுபடி குந்தினான். பிறகு மற்ற மூவரிடம், "முதல்லேருந்து போலாம்" என்று சொல்லி டேப்லெட் பக்கம் குனிந்தான்.