கிச்சடி என்று தேடியபோது

1

இந்தக் கதை எனக்கு ஒரு காலிக் கட்டத்தில் கிடைத்தது. உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்தே ஒரு தளத்துக்குள் தேட உதவும் தேடல் நீட்சி ஒன்றை அமைத்துக்கொண்டிருந்தேன். 'பரிந்துரை முகவரி' என்ற கட்டத்தில் எதைப் போடுவது என்று தெரியவில்லை. சீர்காழிப் பக்கம் உழவர் குழு ஒன்றின் விதை நிலையத்தில் வேலை பார்க்கும் சௌந்தரநாயகி அதை ஏற்கெனவே அமைத்திருந்ததால் அவரைக் கேட்டேன். விளக்கத்தை ஆரம்பித்தவர், பொன்னுத்தாயைப் பற்றிச் சொல்லி முடித்தார்.

2

மழை கொட்டிக்கொண்டிருந்த ஓர் ஆவணி மாதத்து

(வேண்டாம். அன்று நல்ல வெயிலாம்.)

பொன்னுத்தாய் இருபது வருடம் அடுத்தவர் வயலில் நடவு நட்டவர். இந்த வருடம்தான் சொந்தமாக மூன்று மா நிலம், ஏறக்குறைய ஓர் ஏக்கர், வாங்கியிருந்தார். திருப்பனந்தாளிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, "கிச்சடி சம்பா விதை குடுங்க" என்றார்.

சௌந்தரநாயகி நிலையத்தின் இணையதளத்தில் 'கிச்சடி' என்று தேடினார். எதுவும் வரவில்லை.

"இல்லீங்கக்கா."

"இங்க இருக்குன்னு சொன்னாங்களே."

"கம்ப்யூட்டர்ல காட்டலீங்க."

பொன்னுத்தாய் பையை மடித்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் கிடங்கைப் பூட்டப் போன சௌந்தரநாயகி மூட்டைகளின் முன் நின்றுவிட்டார். சீட்டில் 'கிச்சிலிச் சம்பா' என்றிருந்தது. ஒரே நெல்லுக்கு இரண்டு பெயர்.

3

(இங்கே அவரை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். "நான் அழலீங்க, என் மேலயே எரிச்சலா வந்துச்சு" என்றார். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.)

வருகைப் பதிவு நோட்டில் பொன்னுத்தாயின் எண்ணைத் தேடி அழைத்தார்.

"அக்கா, தப்பு என்னோடது. கிச்சடி இருக்குங்க. நாங்க கிச்சிலின்னு எழுதி வச்சிருக்கோம்."

"பேர எப்படி வேணா எழுதிக்குங்க. நெல்ல வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. காலையில வர்றேன்."

4

மறுநாள் நிலையம் திறந்ததும், பாதிப் பெயரை அடித்தாலே பொருந்தும் பெயர்களைக் காட்டும் தேடல் நீட்சியை அமைக்க உட்கார்ந்தார். நிலையத்தின் தளத்தில் தேடுவதற்கான குறியாக, விதை என்பதன் முதலெழுத்தான 'வி'யை வைத்தார். தேடல் முகவரியில் சொல் வரவேண்டிய இடத்தில் %s போட்டார். பரிந்துரைக் கட்டத்திலும் அதே முகவரியை ஒட்டினார். (நானும் முதலில் அதே தப்பைத்தான் செய்து, பிறகு அழித்திருந்தேன்.) பரிந்துரை வரவில்லை. தளத்தை உருவாக்கிய இளம்பரிதிக்குத் தஞ்சாவூருக்குப் போன் போட்டார்.

"மேடம், முழுப் பக்கத்தைக் குடுத்தா அதுக்குப் புரியாது. நீங்க அடிச்ச சொல்லு, அப்புறம் பொருந்துற பேருங்க, அவ்ளோதான் அது கேக்குது. அதுக்குத் தனி முகவரி இருக்கு, அனுப்புறேன்."

அதை ஒட்டினார். 'வி', ஓர் இடைவெளி, 'கிச்'. மீதியை அடிப்பதற்குள் கீழே வந்து நின்றது: கிச்சிலிச் சம்பா.

5

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் பொன்னுத்தாய் வருவதற்குள் விதை தீர்ந்துவிடுகிறது. அப்படி நடக்கவில்லை. இன்னொன்றில் மூன்று மாவிலும் கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது. அது இன்னும் நடக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். பத்து மணிக்குப் பொன்னுத்தாய் வந்தார். சௌந்தரநாயகி திரையை அவர் பக்கம் திருப்பி, 'வி கிச்' என்று தட்டிக் காட்டினார்.

"பாதியிலயே புரிஞ்சுக்குதே" என்று சிரித்தார் பொன்னுத்தாய். பிறகு மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, ஒரு நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்து, "இதான்" என்றார்.

இப்போது நாற்றங்காலில் முளை பச்சை கட்டியிருக்கிறதாம். அறுவடை தை மாதம். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் முடிவை எழுதிக்கொள்ளலாம். நெல்லின் பேரை மட்டும் பொன்னுத்தாய் சொல்கிறபடி எழுதுங்கள்.