எஸ்னாத் டீச்சரின் நாற்பத்தோராம் வயது

ருன்பிச் சந்தையில் பதின்மூன்று பெண்கள் எஸ்னாத் நிரெண்டாவின் வயதிலிருந்து ஆளுக்கொரு வருடத்தை எடுத்துக்கொண்டது ஜூன் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. மக்காச்சோள மாவு விலை ஏறியதும் அதே வாரம்தான்.

எஸ்னாத், காது கேளாத பிள்ளைகளின் வகுப்புக்கு ஆசிரியை. எட்டாம் வகுப்புவரை சைகையில் சொல்லிக்கொடுத்துவிடுவாள். அதற்குமேல் அறிவியலுக்கும் கணக்குக்கும் அவளிடம் சைகை இல்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போய் ஆடு மேய்த்தார்கள். அந்த மேல்வகுப்புச் சைகைகளைக் கற்றுவர ஸ்காட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் மூன்று முறை இடம் கொடுத்தது. மூன்று முறையும் பணம் கிடைக்கவில்லை. பெரிய உதவித்தொகை முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. வயது கூடியவர்களுக்கான உதவித்தொகை கல்லூரிக் கட்டணத்தை மட்டும் தரும். விமானத்துக்கும் வாடகைக்கும் அவரவர் பாடு. வங்கி நிலப்பத்திரம் கேட்டது, நிலமோ அண்ணன் பெயரில். கல்வித்துறை சம்பளத்தோடு விடுப்பு தரும், உள்நாட்டில் படித்தால். எஸ்னாத்துக்கு நாற்பத்தேழு நடந்துகொண்டிருந்தது.

உலர்மீன் விற்கும் திவோங்கேதான் முதலில் கேட்டாள். அவள் மகள் வேசி அந்த வகுப்பில் படிப்பவள்.

"டீச்சர், அதிகமா இருக்கறது வயசுதானே? எனக்கு ஒண்ணு குடுங்க. நான் எந்தப் படிப்புக்கும் மனு போடப்போறதில்ல."

தக்காளிக்காரி, ஏற்கனவே முழங்கால் வலிக்கிறது, ஒன்றுக்கு மேல் தாங்காது என்றாள். கைகுலுக்குவதுபோலத்தான் நடந்தது. மதியத்துக்குள் எஸ்னாத்துக்கு முப்பத்துநான்கு. கடவுச்சீட்டிலும் பிறந்த வருடம் மாறியிருந்தது.

ஒவ்வொரு வருடமும் தன்னுள் இருந்ததையும் எடுத்துக்கொண்டு போயிற்று. அந்தப் பதின்மூன்று வருடமும் அவள் அந்த வகுப்பில் இருந்தவை. மறுநாள் வகுப்பில் பதினொரு பிள்ளைகள் கையசைத்துப் பேசினார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சந்தையில் பெண்களின் கைகள் தாமாகப் பேசின. போய்ப் படித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பெரிய உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாள். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. வயது பொருந்துகிறது, துறையில் ஐந்தாண்டு அனுபவம் இல்லை. தலைமையாசிரியர் எழுதிக்கொடுத்த சான்றிதழிலும் வருடங்கள் உதிர்ந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

தலைநகர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"வயசு இருந்தப்போ அதிகம்னீங்க. வயசக் குடுத்துட்டு வந்தா அனுபவம் இல்லங்கறீங்க. நான் எந்த வயசுலதான் வரணும்?"

விவரமெல்லாம் இணையதளத்தில் இருக்கிறது, கடைசித் தேதியும் முடிந்துவிட்டது என்றார் அலுவலர்.

எஸ்னாத் வருடங்களைத் திரும்பக் கேட்டுச் சந்தைக்குப் போனாள். பன்னிரண்டு பேர் கொடுத்துவிட்டார்கள், அந்த வருடங்களின் சைகைகளும் அவளுக்குத் திரும்பின. தக்காளிக்காரி நன்றியோடு கொடுத்தாள். திவோங்கே கையை இடுப்பில் சுற்றிய துணிக்குள் வைத்துக்கொண்டாள். அவளிடம் இருந்தது நாற்பத்தோராம் வயது. பயம், வலி, கனவு என்பவற்றுக்கு எஸ்னாத் பிள்ளைகளோடு உட்கார்ந்து சைகை உண்டாக்கிய வருடம் அது.

"எம்பொண்ணு எதுக்குத் தூக்கத்துல அலறுறான்னு இப்பத்தான் டீச்சர் எனக்குத் தெரியுது. அவளே சொன்னா. வேற எது வேணா கேளுங்க, இது மட்டும் வேணாம்."

அது தன் வருடம் என்று சொல்ல எஸ்னாத் வாயெடுத்தாள். தாயின் தோளைத் தட்டி வேசி கையால் ஏதோ கேட்டாள், திவோங்கே கையாலேயே பதில் சொன்னாள், இருவரும் சிரித்தார்கள். அந்த வருடத்துச் சைகைகள் ஆகையால், என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று டீச்சருக்குத் தெரியவில்லை. திரும்பி வீட்டுக்கு நடந்தாள். இரண்டு மாதம் மீன் வாங்கவே இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை கடைக்குப் பின்னால் சாக்கைப் போட்டு உட்கார்ந்து, பயத்துக்கு என்ன சைகை என்று திவோங்கேயிடம் கேட்டாள். கோபம் தீர்ந்து கேட்டதாகச் சந்தையில் யாரும் சொல்லவில்லை.

டிசம்பரில் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஆசிரியர்களின் வயதைச் சரிபார்த்தார்கள். எழுத்தர் கமாங்கா இரண்டு முறை கூட்டிப் பார்த்தார், ஒரு வருடம் உதைத்தது. திவோங்கேயை வரவழைத்து, அவள் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பதிவேட்டில் எழுதினார்: வயது நாற்பத்தாறு, ஒரு வருடம் மீன் கடையில் உள்ளது. முத்திரை குத்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.