டெமோ கிளாஸில் பேசியவள்

பாலைப் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்த பிறகே மகளுக்குக் கொடுத்துப் பழகியவள் அவள். மகளுக்குப் பதினான்கு வயதாகியும் பழக்கம் போகவில்லை. பால் போய் ஆன்லைன் வகுப்பு வந்திருந்தது, அவ்வளவுதான். எந்த வகுப்பானாலும் முதலில் தான் உட்கார்ந்து பார்த்துவிடுவாள். மகளின் செல்லப் பெயரான 'குருவி' என்பதையே பதிந்துகொண்டு, கேமராவை அணைத்துவிட்டு, டெமோ கிளாஸில் மாணவிபோல இருந்துவிடுவாள். அம்மா என்று சொல்லிக்கொண்டு போனால் தேன் தடவிப் பேசுவார்கள், பிள்ளையாகப் போனால்தான் உள்ளது உள்ளபடி தெரியும் என்பது அவள் கட்சி.

குருவி இரண்டு வருடமாக வீட்டிலிருந்துதான் படிக்கிறாள். அவளுக்குத் திக்கும். பள்ளியில் ஒருநாள் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றாள். பின்வரிசை அந்தச் சொல்லின் முதல் எழுத்தை மேசையில் தாளம் தட்டிச் சொன்னது. பிறகு வகுப்பே சொன்னது. மறுநாள் காலை குளித்து, சீருடை போட்டு, பையை மாட்டிக்கொண்டு செருப்பு விடும் இடம்வரை வந்தாள். அதற்குமேல் கால் எழவில்லை. அம்மாவும் தள்ளவில்லை.

வீட்டில் திக்கல் ஒரு பொருட்டே இல்லை. குருவி தொடங்கினால் மற்றவர்கள் முடித்துவிடுவார்கள். "த... த..." என்றால் தண்ணீர் வந்து நிற்கும். "அ... அப்பா எ..." என்றால், "எப்ப வருவாருன்னு கேக்கிறியா, ஆறு மணிக்கு" என்று பதிலும் சேர்ந்தே வரும். பேருந்து ஓட்டுநரான அப்பா இதில் அம்மாவையும் மிஞ்சியவர். நிறுத்தம் வருமுன்பே கதவைத் திறந்துவிடுவதுபோல, மகள் வாயைத் திறக்கும் முன்பே பதில் சொல்லிவிடுவார். இதை அன்பு என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். மூன்றாவது ஆளை யாரும் கேட்டதில்லை.

இதுவரை எல்லாப் பாடத்தையும் அம்மாவே சொல்லிக்கொடுத்தாள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. காலையில் போய், கிணறு, குழாய், தொட்டி என்று வந்து சேரும் பாட்டில்களுக்கு உப்பும் அமிலமும் பார்த்துவிட்டு மதியம் திரும்பிவிடுவாள். கை வேலை பழுதில்லாமல் வரும். ஆனால் மேல் வகுப்பு வேதியியலுக்கு அது போதவில்லை. சமன்பாடுகள் துருப்பிடித்துப் போயிருந்தன. ஒருநாள் அவள் போட்ட கணக்கைப் பார்த்துவிட்டு மகள் பென்சிலால் திருத்தினாள். அன்றுதான் வெளியே வகுப்பு தேடுவது என்று முடிவாயிற்று.

முதலில் பார்த்தது பதிவுசெய்த வகுப்பு. பாடம் பளிங்குபோல இருந்தது. சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள் என்றார்கள். எழுதினாள். 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது.

அடுத்தது ஒரே திருவிழா. சரியான விடை சொன்னால் திரையில் பலூன் வெடித்தது. தவறாகச் சொன்னாலும், முயற்சிக்காக ஒரு சின்னப் பலூன் வெடித்தது.

"அப்ப வாயே திறக்காதவங்களுக்கு?" என்று கேட்டார் அப்பா, பின்னால் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டு.

"நீங்க போய் உங்க வேலையப் பாருங்க."

"லீவு நாள்ல என்ன வேலை? நானும் சேந்துக்கறேன், எனக்கும் ரெண்டு பலூன் வாங்கிக் குடு."

மூன்றாவதாக வந்தது கரகரத்த குரல் கொண்ட ஓர் ஆசிரியை. அவர் நாற்காலி அசையும்போதெல்லாம் கிறீச்சிட்டது. பிள்ளைகள் குறைவு. எல்லோரும் முகம் காட்ட வேண்டும், எல்லோரும் பேச வேண்டும், அது அங்கே சட்டம். கேமரா வேலை செய்யவில்லை என்று அம்மா எழுதிப் போட்டாள்.

"காது வேலை செய்யுதுல்ல? அது போதும் இன்னைக்கு," என்றார் ஆசிரியை. பிறகு எல்லோரையும் பார்த்து ஒரு கதை சொன்னார். "ஒரு பொண்ணு குடுவையில அமிலம் வச்சிருக்கா. நிறங்காட்டியும் போட்டாச்சு. மேல இருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டா விடுறா. ஒரு சொட்டுல இளஞ்சிவப்பு வந்துடுச்சு. சரியா வந்துடுச்சுன்னு சந்தோஷமா வச்சுட்டு, டீ குடிச்சிட்டுத் திரும்பி வர்றா. நிறத்தைக் காணோம். யார் திருடினது?"

ஒரு பையன் மட்டும், "டீக்கடைக்காரர், மிஸ்," என்றான்.

அம்மாவுக்கு நாக்கு துறுதுறுத்தது. அந்தக் குடுவையை அவள் வேலைநாள் தவறாமல் பார்க்கிறாள். அந்த நிறம் எப்படித் தயங்கித் தயங்கிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். விரல் தானாகப் போய் ஒலிவாங்கியைத் திறந்தது.

"காத்து, டீச்சர். காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு தண்ணியில கரைஞ்சு அமிலமாகுது. குடுவையைத் திறந்து போட்டுட்டுப் போனது அவ தப்பு."

கிறீச்சென்று நாற்காலி முன்னால் வந்தது. "யாரது, குருவியா? குரல் என்ன இப்படிக் கணீர்னு இருக்கு! பெரிய மனுஷி மாதிரி பேசுற. இத நீ கண்ணால பார்த்திருக்கியா?"

"பார்த்திருக்கேன் டீச்சர்."

அது பொய் இல்லை. அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு கேள்வியோடு போயிருக்கும். அடுத்த கேள்விக்கும் அவளே சொன்னாள். அதற்கடுத்ததற்கும். வகுப்பு முடிந்து மடிக்கணினியை மூடியபோது கன்னம் சூடாக இருந்தது. 'சபாஷ்' என்று அவளிடம் ஒருவர் சொல்லி வெகுகாலமாகியிருந்தது. திரையில் எந்தப் பெயரின் பக்கத்தில் அந்தச் சபாஷ் விழுந்தது என்பது, பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. சொல்லிவிடலாம், நல்ல நேரம் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று இருந்தாள்.

நல்ல நேரம் வரவில்லை, தொலைபேசிதான் வந்தது. மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எச்சில் கையோடு எடுக்க முடியாமல் அப்பா முழங்கையால் ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"குருவியோட அப்பாங்களா? வேதியியல் டீச்சர் பேசுறேன். உங்க பொண்ணை நான் மேல் வகுப்பிலயே சேர்த்துக்கறேன். அறிவு மட்டும் இல்லைங்க, என்ன ஒரு பேச்சு! தயக்கம்னா என்னன்னே தெரியாத பொண்ணு. மத்த பிள்ளைங்ககிட்டக்கூடச் சொன்னேன், பேசினா அப்படிப் பேசணும்னு. திங்கட்கிழமை அவதான் முதல்ல பேசப் போறா."

சொல்லிவிட்டு ஆசிரியை வைத்துவிட்டார். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம குருவியா? பேசுச்சா?" என்று மகள் பக்கம் திரும்பினார்.

குருவி அம்மாவைப் பார்த்தாள். "அ... அது ந... நா..."

"நீதானா?" என்று முடித்தார் அப்பா.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சாத்தினாள்.

அப்பாவுக்குப் புரிய இன்னும் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் கேலி எதுவும் செய்யவில்லை. "ஏம்மா இப்படிப் பண்ணின?" என்று மட்டும் மனைவியிடம் கேட்டார். அவளுக்கும் அதே கேள்விதான் இருந்தது.

சாயங்காலம் அம்மா கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். குருவி கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"தப்புதான் கண்ணு. வாய் சும்மா இருக்கல. அந்தக் கிளாஸ் வேணாம், விட்டுடலாம். முதல்ல பார்த்தோமே, அதுல முகமும் காட்ட வேணாம், பேசவும் வேணாம். உனக்கு அதுதான்..."

"ச... ச..."

"சரிப்பட்டு வராதா?"

குருவி திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "ச்... சும்மா இரு," என்றாள். அந்தச் சொல்லை முழுதாக வெளியே கொண்டுவரும்வரை அம்மாவின் கண்ணைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

அம்மா சும்மா இருந்தாள்.

"எ... எனக்கு அந்த டீச்சர் புடிச்சிருக்கு. ரெ... ரெக்கார்டிங் அனுப்பியிருந்தாங்க. பா... பார்த்தேன். நீ பே... பேசினதையும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதுல என் பேர் எழுதியிருக்கு. உ... உள்ள நான் இல்ல. என்னைவிட அ... அவதான் உனக்குப் புடிக்கும்போல."

இல்லை என்று சொல்ல அம்மா வாயெடுத்தாள். வகுப்பில் குருவி என்ற பெயரில் தன் குரல் ஒலித்தபோது, தன் மகள் இப்படிப் பேசினால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், தான் நினைத்தது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து தொலைபேசியை எடுத்தாள்.

"டீச்சருக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிடறேன். இப்பவே."

"அ... அதையும் நீயேதான் பேசப் போறியா?"

தொலைபேசி கையிலேயே நின்றது.

திங்கட்கிழமை குருவி தலை வாரிக்கொண்டாள். மேசையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள், முகத்தில் வெளிச்சம் விழுவதற்காக. அம்மா பக்கத்தில் நாற்காலி போட வந்தபோது, வெளியே போகும்படி கதவைச் சுட்டிக்காட்டினாள்.

அம்மா அறைக்கு வெளியே, துவைத்த துணிக் குவியலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மடிக்க வேண்டும் என்று ஒரு சாக்கு. கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளின் குரல்கள், கிறீச்சென்று நாற்காலி.

"குருவி வந்தாச்சா? அட, இன்னைக்கு முகமும் தெரியுதே. ஆரம்பிம்மா, அன்னைக்கு மாதிரி."

"டீ... டீச்சர். அ... அன்னைக்குப் பேசினது நா... நான் இல்ல. அது எங்க..."

அங்கே நின்றுவிட்டது. திக்கும்போது வரும் அந்த 'அ... அ...'கூட வரவில்லை. பேச்சே முழுதாக அடைத்துக்கொண்டது. குருவிக்கு அது எப்போதாவது வருவதுதான், வந்தால் மூச்சே வெளியே வராது. யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்து நிறுத்திக்கொண்டது.

மிச்சச் சொல் அம்மாவின் வாயில் இருந்தது. இந்த வீட்டில் குருவி முதன்முதலில் கற்ற சொல் அது. கதவைத் தள்ளி ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். பாதி எழுந்தும்விட்டாள். கைப்பிடியில் கை இருந்தது. குடுவை ஞாபகம் வந்தது. நிறம் வரும் தருவாயில் அவசரப்பட்டு ஒரு சொட்டு கூடிவிட்டால், அதுவரை செய்ததெல்லாம் சாக்கடையில்தான். கையில் இருந்த துவாலையின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். ஆசிரியையும் பேசவில்லை. நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை.

"...அம்மா," என்றது உள்ளிருந்து.

"ஓ," என்றார் ஆசிரியை. சற்றுப் பொறுத்து, "அதான் டீக்குப் போற பொண்ணு மேல அவங்களுக்கு அவ்வளவு கோவமா? சரி. அவங்களுக்கு இங்க இடம் இல்லன்னு சொல்லிடு. நீ சொல்லு, குடுவையை மூடியே வச்சிருந்தா நிறம் என்ன ஆகியிருக்கும்?"

நீண்ட நேரம் எடுத்தது. குருவி சொன்னாள், துண்டு துண்டாக, திக்கிய சொல்லை விட்டு எளிதான வேறொரு சொல்லுக்குத் தாவாமல். மூடி வைத்தால் நிறம் இன்னும் அடர்த்தியாகிக்கொண்டே போகும் என்றாள்.

தவறு. துணிக்குவியலுக்குப் பக்கத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"தப்பு," என்றார் ஆசிரியை. 'டீக்கடைக்காரர்' என்று விடை சொன்ன பையனிடம் சொல்லியிருந்தாலும் அதே குரலில்தான் சொல்லியிருப்பார். "ஏன் தப்பு? காரம் சேர்த்துக்கிட்டே இருந்தாத்தானே கூடும்? யோசி. அடுத்த வாரத்துல இருந்து நீ கீழ் வகுப்புக்கு வா, இத முதல்ல இருந்து பார்ப்போம். அடுத்தது யாரு?"

அம்மா துணிகளை அள்ளிக்கொண்டு எழுந்தாள். அதற்குமேல் கேட்கக் கூடாது என்று தோன்றியது. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள்.

வகுப்பு முடிந்து குருவி வந்து சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள். நெற்றி முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. முகத்தில் அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"த... த..."

அம்மாவின் கை தண்ணீர்க் குடத்தை நோக்கிப் பாதி தூரம் போயிற்று. அங்கேயே நின்றது. குழாயை மூடினாள். மகள் பக்கம் திரும்பி, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி காத்திருந்தாள்.

"த... தப்பா சொல்லிட்டேன்ம்மா."

"ம்."

"கீ... கீழ் வகுப்பு."

"ம்."

குருவி உள்ளே வந்தாள். டம்ளரை எடுத்துத் தானே தண்ணீர் மொண்டு, நின்றபடியே குடித்தாள்.