ஒரு சைக்கிளுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

1

இந்தக் கதை என் வலது தோளில் தொடங்கியது. தோள் இறுகிப்போய், கையைத் தூக்கிச் சட்டை மாட்டக்கூட முடியாமல் நான் தவித்த நாட்களில், வீட்டுக்கே வந்து வைத்தியம் செய்த பிசியோதெரபிஸ்ட் சொன்ன கதை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவள் ‘பிசியோ’தான். என் கையைப் பின்பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் பேசுவாள். வலியில் எனக்கு ‘ஆ’, ‘ஊ’ தவிர வேறெதுவும் வராது. ஒரு பெண் சொல்வதைக் குறுக்கே பேசாமல் முழுதாகக் கேட்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. எல்லா வீடுகளுக்கும் பரிந்துரைக்கிறேன்.

“இதை எழுதட்டுமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எழுதுங்க. ஆனா படிக்கிறவங்கள அழ வெக்காதீங்க. அவங்களுக்குக் கோவம் வரணும்.”

ஆகவே, வாசகரே, இது கோபக் கதை. எங்காவது கண்ணீர் தென்பட்டால் அது என் எழுத்துக் கோளாறு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘காலை வெயில் பொன்னாய்ப் பரவிய வேளையில் அவள்—’

வேண்டாம். வேலைக்கு நடந்து போகிறவளுக்கு வெயில் பொன்னாய்ப் பரவாது. மண்டையைப் பிளக்கும்.

அடுத்தது: ‘சைக்கிள் என்பது விடுதலையின்—’

சேச்சே. அவள் கேட்டது சைக்கிள். விடுதலையை யார் கேட்டார்கள்?

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், முட்டி மாற்றிக்கொண்டவர்கள், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவள் தொழில். அந்த வழியாக ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். வாடகை வண்டி வைத்தால் கிடைப்பதில் பாதி அதற்கே போய்விடும். தோளில் பையோடு நடந்தாள். ஊரார் முட்டியைச் சரிசெய்யப் போய் அவள் முட்டி வீங்கியது.

அவள் போகிற வழியில் ஒரு சைக்கிள் கடை. வாசலில் சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றது. கடைக்காரர் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னார். மேட்டில் ஏறும்போது கியரை மாற்றினாள், பெடல் காலுக்கடியில் இளகிக் கொடுத்தது. இறங்கும்போது பிரேக்கை இரண்டு விரலால் தொட்டாள், அப்படியே நின்றது. “நான் சொல்லி ஒரு தடவையிலேயே எதுவும் கேட்டதில்லைங்க. அது கேட்டுச்சு” என்றாள் என்னிடம்.

விலை, அவளுடைய ஒரு மாத வருமானத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அவள் சம்பாதித்த பணம். அவள் பெயரில் இருந்த பணம். இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இனி வரப்போகிறவர்கள் யாரும் இதைச் சொல்லப்போவதில்லை.

3

அன்று மாலை கூடத்தில் பஞ்சாயத்து. (‘பேச்சு’ என்று எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன்.) கணவன், கணவனின் அக்காவான நாத்தனார், இவள்.

“ஒரு சைக்கிளுக்கா இவ்ளோ?” என்றான் கணவன்.

“நாங்கல்லாம் ஸ்கூலுக்கு ஓட்டினது என்ன விலைன்னு நெனக்கிற?” என்றாள் நாத்தனார்.

“அண்ணி, நான் ஸ்கூலுக்குப் போகல. நாள் பூரா ஓட்டணும்.”

“கொஞ்ச நாள் ஓட்டுவ. அப்புறம் அது துணி காயப்போடத்தான் ஆகும், பாத்துக்கிட்டே இரு.”

“முதல்ல சாதாரணமா ஒண்ணுல ஓட்டிப் பழகு. சரிப்பட்டு வந்தா அப்புறம் பாக்கலாம்” என்றான் கணவன், ரொம்ப நியாயமான குரலில்.

* அவர்கள் உட்கார்ந்திருந்த சோபாவை அவன் வாங்கியபோது பஞ்சாயத்து எதுவும் நடக்கவில்லை. ஆட்கள் வந்து இறக்கினார்கள், வீட்டார் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். சோபா யாரையும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

* இன்னொன்று. முதல் பிரதியில் கணவனை ‘அவர்’ என்றும் மனைவியை ‘அவள்’ என்றும் எழுதியிருந்தேன். யாரும் சொல்லித்தராமலே கை அப்படித்தான் எழுதுகிறது. மரியாதை யாருக்கு இலவசமாகக் கிடைக்கிறது, பார்த்தீர்களா? இப்போது இருவருக்கும் ஒரே நீதி.

அடுத்த வாரம் அவனே ஒரு சைக்கிளோடு வந்தான். தெரிந்தவர் வீட்டில் சும்மா கிடந்ததாம். புதுசாகச் சிவப்புப் பெயின்ட் அடித்து, ஹேண்டில்பாரில் ரிப்பன் கட்டியிருந்தான். கடையில் சொன்ன விலையில் கால்வாசிகூட ஆகவில்லை.

“சர்ப்ரைஸ்!” என்றான். நாத்தனார் கை தட்டினாள்.

‘அவள் புன்னகைத்தாள்’ என்று எழுதியிருந்தேன். சந்தேகம் வந்து அவளிடமே கேட்டேன்.

“சிரிச்சிருப்பேன். பரிசுன்னு நீட்டினா, வாங்கிப் பிரேக்கை அமுக்கிப் பாக்கவா முடியும்?”

4

விழுந்ததை நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வானம் சுழன்றது, ஒன்றில் பறவைகள் கலைந்து பறந்தன. எல்லாம் பொய். நடந்தது இதுதான்.

ஒரு நோயாளி வீட்டுக்கு இறங்கும் சரிவான தெரு. பிரேக்கை அழுத்தினாள். டப்பென்று முன் பிரேக் கேபிள் அறுந்தது. பின் பிரேக் கீச்சிட்டதே தவிரப் பிடிக்கவில்லை. கீழே ஒரு பெண் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்துகொண்டிருந்தாள். கத்தக்கூட நேரமில்லை. ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்பி மதில்மேல் போய் மோதினாள்.

குழந்தைக்கு ஒன்றுமில்லை. இவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. அடுத்தவர் உடம்பைப் பிடித்து நிமிர்த்தியே பிழைக்கிற கை. தரையில் கிடந்தபடியே இடது கையால் தடவிப் பார்த்து, எந்த எலும்பு என்று தெரிந்துகொண்டாள். அதற்கப்புறம்தான் வலித்ததாம்.

5

கணவனின் வேலை என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இன்சூரன்ஸ் அலுவலகம். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் போய்ப் பார்த்து, தப்பு வண்டியிலா, ஓட்டினவர்மேலா என்று அறிக்கை எழுதுவது. (நானாகக் கற்பனை செய்திருந்தால் இப்படி ஒரு வேலையைக் கொடுத்திருக்கவே மாட்டேன், செயற்கை என்பீர்கள். அவன் வேலை அதுதான் என்றால் நான் என்ன செய்ய?)

கட்டுப் போட்டு முடிந்து, ஆஸ்பத்திரி நடைபாதைப் பெஞ்சில் மூவரும் இருந்தார்கள்.

“பழக்கமில்லாத வேலை. வேறென்ன?” என்றாள் நாத்தனார்.

“உனக்கு இதெல்லாம் சரிப்படாதுன்னு அப்பவே தோணிச்சு” என்றான் கணவன். “நல்லவேளை, அந்த விலை கொடுத்து வாங்கல.”

நல்லவேளை! இந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். “சைக்கிளைப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“முன் பிரேக் கேபிள்?”

“அறுந்திருக்கு.”

“அறுந்த இடத்துல துரு?”

“இருக்கு.”

“பின்னாடி ரப்பர்?”

அவன் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

“வேற யாரோட வண்டியாவது இந்த நிலைமையில வந்தா, ரிப்போர்ட்ல என்ன எழுதுவீங்க?”

“இது ஆபீஸ் இல்லம்மா.”

“தெரியும். ஆபீஸா இருந்தா நியாயமா எழுதியிருப்பீங்க.”

6

அந்த இடத்தில் அவனை ஒரு முழு அயோக்கியனாக்கி ஒரு பக்கம் எழுதித் தள்ளினேன். கட்டுப் போட்ட கையோடு என் வீட்டுக்கு வந்து, எதிரே உட்கார்ந்து, வாயாலேயே என்னைப் பயிற்சி செய்யவைத்துக்கொண்டிருந்தாள் பிசியோ. அவளிடம் அதைப் படித்துக் காட்டினேன்.

“கையை இன்னும் தூக்குங்க. அப்படி எழுதாதீங்க. தினமும் என் தலையை அவர்தான் வாரி விடறார். சிக்கு எடுக்கக்கூடக் கத்துக்கிட்டார். எல்லாம் செய்வார். ‘தப்பு என்மேல’ன்னு ஒரு வார்த்தை மட்டும் வராது. அவர் கெட்டவரா இருந்தா எனக்கு இவ்ளோ கோவமே வந்திருக்காது.”

(அவள் வாயில் அவன் ‘அவர்’தான். அதைத் திருத்த எனக்கு உரிமையில்லை.)

பத்திரிகை ஆசிரியருக்கு வேறு கவலை. “ஒரு சைக்கிள் விலைக்கு இவ்ளோ கோபமா சார்? கணவன் மனசு மாறி, அந்த நல்ல சைக்கிளையே வாங்கித் தர்றதா முடிச்சிடுங்க. வாசகருக்கும் நிம்மதி.”

யாருக்கு நிம்மதி? முதல் பரிசு அவள் மணிக்கட்டை முறித்தது. இரண்டாவது பரிசையும் ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தவேண்டுமா? அவள் கேட்டது பரிசே இல்லையே!

இன்னொரு நண்பர், அவள் வீட்டைவிட்டு வெளியேறுவதாக முடிக்கச் சொன்னார். பிசியோ விழுந்து விழுந்து சிரித்தாள். “நான் ஏன் வெளிய போகணும்? அந்த வீட்டுல பாதி என் பணம்.”

7

கட்டைப் பிரித்தபின், தனியாகத்தான் கடைக்குப் போனாள். சாம்பல் நிறச் சைக்கிள் இன்னும் விற்காமல் நின்றது. வலது கையில் பிடி முழுசாகத் திரும்பவில்லை. அந்தக் கையாலேயே பிரேக்கை அழுத்தினாள். பிடித்தது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு மறுபடி அழுத்தினாள். அப்போதும் பிடித்தது.

“இதுக்குப் பில் போடுங்க” என்றாள்.

கடைக்காரர் நல்ல மனிதர். இந்தக் கதையில் எல்லோருமே நல்லவர்கள், அதுதான் என் வயிற்றெரிச்சல். அவர் அவள் கையைப் பார்த்தார், விலைச்சீட்டைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

“பெரிய தொகைம்மா. வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்களேன்?”

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் ‘சரியான பதில்’ என்று தலையாட்டிவிட்டு, பக்கத்தைப் புரட்டி அடுத்த கதைக்குப் போய்விடுவீர்கள். முடியாது. இந்தக் கேள்வியை உங்கள் வீட்டில் யாரிடமாவது யாராவது கேட்டிருப்பார்கள். நீங்களே கேட்டிருக்கவும் கூடும். பதிலை நீங்கள் எழுதுங்கள். முணுமுணுப்பாக வேண்டாம், கடையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழவேண்டும்.

அவள் சொன்னாள்: “