அச்சில் வந்த பாதி வாக்கியம்

ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் சிரித்தபோது ஆசிரியர் ஜெகதீஸ்வரனுக்குக் காரணம் புரியவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த சத்யபிரியாவுக்கும் புரியவில்லை. அவர் வாசித்துக்கொண்டிருந்தது அவள் எழுதிய கட்டுரை. சிரிப்பு வரக்கூடிய இடம் அதில் எங்கும் இல்லை.

சத்யபிரியா சேலத்தில் ஒரு நாளிதழில் எட்டு வருடம் நிருபராக இருந்தவள். ஒரு வருடமாக ஒரு சிறிய அமைப்பில் வேலை செய்கிறாள். செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த நல்ல கட்டுரைகளைப் பாடமாக மாற்றி ஆசிரியர்களுக்குக் கொடுப்பாள். முதல் வகுப்பு நடக்கும்போது கூடவே இருப்பாள். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த அரசுப் பள்ளிக்கு, இரண்டு வருடத்துக்கு முன் தானே எழுதிய கட்டுரையைத் தேர்ந்தெடுத்திருந்தாள். உள்ளூர்ச் செய்தி, பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று நினைத்தாள். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நாமக்கல் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் முப்பது பெண்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, சாலைப் படங்களில் லாரி, மாடு, மனிதர் என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போடுகிறார்கள். அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் இயந்திரம் கற்றுக்கொள்கிறது என்பது கட்டுரை. அதில் ஒரு பெண் வருவாள். ஜெகதீஸ்வரன் அந்த வரியைத்தான் படித்திருந்தார்.

"இடது புறங்கையில் கஞ்சி கொட்டிய தழும்புள்ள மயிலம்மாள் சொல்கிறார்: இது எதுக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாது. பெயர் மாற்றப்பட்டுள்ளது."

"சார், அது தீபிகா அம்மா சார்!" என்றது ஒரு குரல். "அவங்களுக்குத் தெரியாதாம் சார்!"

மறுபடியும் சிரிப்பு. மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். முகம் சிவந்திருந்தது.

"என்ற அம்மா அப்பிடிச் சொல்லவே இல்லீங்க சார்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஆசிரியர் அறையில் ஜெகதீஸ்வரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இந்தப் பாடம் வேண்டாமுங்க மேடம். ஹெச்.எம். காதுக்குப் போனா என்னைத்தான் கேப்பாரு. வேற ஏதாவது குடுங்க, அமெரிக்கா, ஜப்பான்னு தூரமா இருக்கறது."

"ஒரு நாள் டைம் குடுங்க சார்."

சேலம் திரும்பும் பேருந்தில் சத்யபிரியாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தாள், எழுந்து முன்னால் வந்தாள், மல்லூர் தாண்டியதும் மறுபடி பின்னால் போனாள். தீபிகா பொய் சொல்லவில்லை என்று மனதுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது.

பழைய ஒலிப்பதிவு ஹார்ட் டிஸ்கில் இருந்தது. கட்டுரை எழுதியபோது அவள் அதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கவில்லை. பேச்சை எழுத்தாக்கித் தரும் ஒரு செயலியில் போட்டு, வந்த எழுத்திலிருந்து வேண்டியதை எடுத்திருந்தாள். ஆறு மணிக்குள் கட்டுரை போயாக வேண்டியிருந்தது. இப்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் முறையாகக் கேட்டாள். மின்விசிறி இரைச்சல், பின்னால் யாரோ பேசும் சத்தம், நடுவே, மயிலம்மாள் என்று அவள் பெயர் மாற்றியிருந்த பழனியம்மாளின் குரல்.

"இது எதுக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாதுன்னு சொல்லோணும்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காருங்க. தெரியாம என்னுங்க, டிரைவர் இல்லாத வண்டிக்குத்தானுங்க. மாட்டையும் மனுசனையும் தப்பாக் காட்டுனா, ஏத்திக் கொன்னுபோடுமுல்லீங்க?"

செயலி 'தெரியாது' வரைக்கும்தான் எழுதியிருந்தது. அதற்குப் பின் வெறும் புள்ளிகள். அந்தக் கொங்குப் பேச்சு அதற்கு எட்டவில்லை. புள்ளிகளுக்குள் என்ன இருக்கிறது என்று அவள் திரும்பக் கேட்கவில்லை. புள்ளிகளை அழித்துவிட்டு முற்றுப்புள்ளி வைத்திருந்தாள்.

மறுநாள் காலை ஜெகதீஸ்வரனிடம் சொன்னாள். அவருக்கு உயிர் வந்தது போலிருந்தது. "அப்போ மிஷின் தப்புத்தானுங்க! பாடத்துக்கு நல்ல உதாரணமாச்சுங்களே!"

"மிஷினுக்குக் கேக்கலை சார். நான் கேக்கவே இல்லை. முதல்ல அந்த அம்மாவைப் பாக்கணும்."

பழனியம்மாள் இப்போது கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கினாள். நான்கு மணிக்கு வேலை முடிந்து, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்தபடி வந்தவள், வீட்டு வாசலில் நின்ற சத்யபிரியாவை அடையாளம் கண்டுகொண்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"பேரை மாத்தறேன்னீங்க. பேச்சையும் மாத்திப்போட்டீங்க."

சத்யபிரியா நடந்ததைச் சொன்னாள். செயலியைப் பற்றிச் சொல்லும்போது தன் குரல் சாக்குச் சொல்வது போலக் கேட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"கையில தழும்புன்னு எழுதுனீங்களே, அது ஒண்ணு போதாதுங்களா? பேரு எதுக்குங்க? அடுத்த வாரமே பேப்பர்க்காரங்ககிட்டப் பேசினியான்னு கேட்டு நிறுத்திப்போட்டாங்க. சரி, அது போகட்டும். எம்புள்ள படிக்கற பள்ளிக்கூடத்துல என்னைய ஒண்ணும் தெரியாதவன்னு படிக்க வெச்சீங்க பாருங்க..." உள்ளே தீபிகா கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது.

வேலை போனது சத்யபிரியாவுக்குத் தெரியாது. அந்தக் கட்டுரைக்குப் பாராட்டு வந்திருந்தது. பின்னால் என்ன ஆனது என்று ஒரு முறைகூட அவள் போன் செய்து கேட்டதில்லை.

"மன்னிச்சிருங்க" என்றாள்.

பழனியம்மாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அந்தத் தழும்பை எடுத்துப்போடுங்க. நான் சொன்னதை முழுசாப் போடுங்க. அப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்துல போய், தப்பு ஆருதுன்னு நீங்களே சொல்லோணும். என்ற குரலைப் போட்டுக் காட்டாதீங்க. நீங்களே படிங்க."

திருத்தம் போடச் சொன்னதும் பழைய நாளிதழின் செய்தி ஆசிரியர் போனில் சலித்துக்கொண்டார். "ரெண்டு வருஷமாச்சேம்மா, இப்ப யாரு படிக்கப்போறா?"

"பிள்ளைங்க படிக்கிறாங்க சார். நான்தான் குடுத்தேன்."

தினமும் அழைத்தாள். ஒன்பதாம் நாள் இணையப் பதிப்பில் தழும்பு நீங்கியது, முழு வாக்கியம் வந்தது, கீழே திருத்தக் குறிப்பு சேர்ந்தது. அச்சிலும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வந்தது.

திங்கட்கிழமை அதே வகுப்பு. ஜெகதீஸ்வரன் கரும்பலகையில் இரண்டு வாக்கியங்களை எழுதினார். ஒன்று அச்சில் வந்தது, ஒன்று சொல்லப்பட்டது. எழுதும்போதே இரண்டு முறை வராந்தாவைத் திரும்பிப் பார்த்தார். தலைமையாசிரியர் அங்கே நின்றுகொண்டிருந்தார். சத்யபிரியா முன்னால் வந்து, எதையும் மறைக்காமல் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

"ஏன் மிஸ் திரும்பக் கேக்கல?" என்றான் ஒருவன்.

"நேரமில்லைன்னு நினைச்சேன்."

"கேக்க எத்தனை நேரம் ஆகும்?"

"அந்த இடம் இருபது செகண்டு."

"ஏ.ஐ. தப்புப் பண்ணுதுன்னு எழுதறவங்களே ஏ.ஐ.யை நம்புனா எப்பிடிங்க மிஸ்?" இது முன் பெஞ்சுப் பெண். ஜெகதீஸ்வரன் அவளை அதட்டப் பார்த்தார். சத்யபிரியா கை காட்டி நிறுத்தினாள்.

"நீ கேக்கறது சரிதாம்மா. நம்பியிருக்கக் கூடாது."

மணி அடித்ததும் தீபிகா பலகை அருகே வந்து, இரண்டாவது வாக்கியத்தை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டாள். போகும்போது சத்யபிரியாவைப் பார்த்தாள். கோபமா, வேறேதுமா என்று சத்யபிரியாவுக்குத் தெரியவில்லை.

அந்தப் பாடத்தை மோகனூரிலும் ஜலகண்டாபுரத்திலும் ஆசிரியர்கள் கேட்டு வாங்கினார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் சத்யபிரியா முன்னால் வந்து தன் தப்பைச் சொன்னாள். அது பழகவே இல்லை.

மூன்றாவது மாதம் பழனியம்மாள் போன் செய்தாள். "அந்தக் கட்டம் போடற எடத்துல வேலை செய்யற ரெண்டு பேரு பேசோணுங்கறாங்க. கண்ணுவலி வந்து கிடக்கறாளுங்க. ஆஸ்பத்திரிக்குக்கூட லீவு குடுக்கறதில்லையாமா."

"நான் இப்போ பத்திரிகையில இல்லீங்களே."

"அப்போ ஆருகிட்டச் சொல்றதுங்க?"

சத்யபிரியா பழைய நாளிதழில் இன்னும் நிருபராக இருக்கும் ஒரு தோழியின் எண்ணைத் தேடிக்கொண்டே, "நாளைக்குக் காலையில நாங்க ரெண்டு பேரா வாரோமுங்க. அவங்க எங்க பேசினா பயமில்லாம இருக்கும்னு மட்டும் கேட்டு வைங்க" என்றாள்.